பண்டாரவளையில் ஒரு வாரம்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதங்களுள் இரண்டு, பெண்களின் பெயரைத் தாங்கியவை. ஒன்று 'உடரட்ட மெனிக்கே'. மலைநாட்டு மங்கை என்பது பொருள். மற்றொன்று 'பொடி மெனிக்கே', சின்ன மங்கை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாம் பண்டாரவளைக்குச் சென்றபோது நம்மைச் சுமந்து சென்றவள் இந்தச் சின்ன மங்கைதான். மூச்சு வாங்கி, முனகி, வளைவுதோறும் தயங்கித் தயங்கி அவள் மலையேறிய விதத்தைக் கண்டபோது, தேயிலைக் கூடையுடன் மலையேறும் நம் பெண்களின் நினைவே வந்தது.

நாவலப்பிட்டியிலிருந்தே தூறல் தொடங்கிவிட்டது. நானுஓயாவைத் தாண்டியதும் சாளரத்துக்கு வெளியே வெண்பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலையில் குளிர் எலும்பைத் தொட்டது. அதற்கு அப்பால் ஒரு சுரங்கம். அந்த இருளுக்குள் நுழைந்த வண்டி மறுபுறம் வெளிப்பட்டதும், வாசகர்களே, வேறோர் உலகத்துக்கு வந்துவிட்டோமோ என்று திகைத்தோம். மழையில்லை, மூடுபனியில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் வெயில் குளித்த ஊவா மலைகள்! மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று தன் நீரையெல்லாம் அந்தப் பக்கத்து மலைகளிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வறண்ட கச்சான் காற்றாக வீசுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இக்காற்றில் வாடி நிற்கும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய அந்த நறுமணம் பிறக்கிறதென்பர் தேயிலைச் சுவைஞர்.

ஒஹியா, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தியத்தலாவையைக் கடக்கும்போது, 1900-ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைக்கப்பட்ட இடம் இதுவென்று நம் எதிரே இருந்த முதியவர் தம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே இராணுவக் கலாசாலை இருக்கிறது. சற்று நேரத்தில் பண்டாரவளை வந்தது. 1894-இல் இங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை, பதுளையை எட்டுவதற்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்ததாம். மலையைக் குடைவது அத்துணை எளிதன்று.

துரைமார் கட்டிய மாளிகை

பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். நுவரெலியாவின் கடுங்குளிரும் இங்கில்லை. பதுளையின் வெக்கையும் இல்லை. நோயுற்றவர் உடல் தேறுவதற்கென்று இவ்வூரை நாடி வருவது பழைய வழக்கம். மேடும் பள்ளமுமான தெருக்கள். எந்தக் கடைக்குப் போவதானாலும் ஏறவேண்டும் அல்லது இறங்கவேண்டும். சந்தையில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் குன்று குன்றாகக் குவிந்திருந்தன. சிங்களமும் தமிழும் ஒரே பேரத்தில் கலந்து ஒலித்தன.

நகரின் நடுவே, மேட்டில், பண்டாரவளை ஹோட்டல் நிற்கிறது. 1893-இல் தோட்டத் துரைமாரின் கிளப்பாகத் தோன்றிய கட்டடம் இது. மரத்தாலான தரையும் பித்தளைக் குமிழ்கள் பொருத்திய கட்டில்களும் அந்தக் காலத்தை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அக்காலத்துத் தோட்டத்துரைக் கிளப்புகளில் உறுப்பினராவதற்கு இரண்டு தகுதிகள் வேண்டியிருந்தன: தோல் வெள்ளையாக இருத்தல் வேண்டும், ஆணாகவும் இருத்தல் வேண்டும். நுவரெலியாவில் 1876-இல் தோன்றிய ஹில் கிளப்பில் ஆடவர்க்கு மட்டுமே உரிய மதுச்சாலை ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. துரைமார் பந்தாடியதும் பரியேறியதும் உடலை வளர்த்ததும் இத்தகைய இடங்களை நடுவாகக் கொண்டுதான். ஆணுக்கென்று தனியிடம் ஏன் என்று அந்நாளில் எவரும் வாதாடியதாகத் தெரியவில்லை. அது இயற்கை என்றே எண்ணியிருந்தனர்.

இதனை ஈண்டு நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பண்டாரவளையில் நாம் தங்கியிருந்த ஒரு வாரமும், நண்பர் இல்லத்தில் ஓயாமல் நடந்த வாதம், பெண்ணுக்கென்று தனியிடம் வேண்டுமா என்பதைப் பற்றியதே.

வெறுந்தேநீரும் வாதமும்

நமது நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர். லயத்துக் காம்பராவில் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் கூலியில் படித்து, தலைமையாசிரியராக உயர்ந்தவர். அவருடைய வீடு நகரின் எல்லையில், ஒரு தோட்டத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. விறாந்தையில் அமர்ந்தால் கீழே தோட்டத்து விளையாட்டு மைதானமும், அதற்கு அப்பால் மலையின் இடுப்பில் ஒட்டியாணம்போல் வளைந்து செல்லும் இருப்புப்பாதையும் தெரியும்.

முதல் நாள் மாலையில், தேங்காய் ரொட்டியும் சம்பலும் உண்டு, வெறுந்தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது வாதம் மூண்டது. நண்பரின் மனைவிக்கு ஐம்பத்தெட்டு வயது. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நண்பரின் தமக்கையார் இதே நோயினால் ஒரு பாதத்தை இழந்தவர். அந்தக் கால் இல்லாத கட்டிலைக் கண்ட நாள் முதல் இவ்வீட்டில் சர்க்கரை என்ற சொல்லை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. அன்று காலை மருத்துவர் அம்மையாரிடம், "மருந்து பாதி வேலை செய்யும், மீதியை உங்கள் கால்களும் கைகளும்தான் செய்யவேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நடக்கச் சொல்கிறார் அண்ணா. எங்கே நடப்பது?" என்று அம்மையார் நம்மைக் கேட்டார். "விடியற்காலையில் தெருநாய்கள், பின்னேரத்தில் சந்திக்குச் சந்தி பெடியன்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தால், 'அன்ரி எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறீங்க?' என்று கேலி. இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டேன்."

வங்கியில் பணிபுரியும் மகன் குறுக்கிட்டான். "அம்மா, டவுனில் ஜிம் இருக்கிறதே! நான் போகும்போது என்னோடு வாருங்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கண்ணாடியில் தங்களைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்."

"அந்தக் கண்ணாடிதானே தம்பி எனக்குப் பயம்! முன்னே பார்த்தாலும் தெரிகிறது; பின்னே பார்த்தாலும் தெரிகிறது," என்றார் அம்மையார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த நிலையத்தில் பெண்களுக்கென்று தனி நேரமும் உண்டென்பது பிறகு தெரிந்தது. காலை 10 மணி முதல் 12 மணி வரை! உயர்தர வகுப்பில் படிக்கும் மகள் கொதித்தெழுந்தாள். "மாமா, அந்த நேரத்தில் மாணவிகள் பள்ளியில் இருப்பார்கள். ஆசிரியைகள் வகுப்பில் இருப்பார்கள். தோட்டத்துப் பெண்கள் மலையில் இருப்பார்கள். வீட்டிலிருக்கும் பெண்ணோ அடுப்படியில் இருப்பாள். ஆண்கள் வரமாட்டாத நேரத்தைப் பார்த்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது போல!"

"அப்படியானால் உனக்குத் தனி நேரம் வேண்டாமா?" என்று கேட்டோம்.

"வேண்டும். நல்ல நேரமாக வேண்டும்," என்றாள்.

அண்ணன் விடவில்லை. அவனுடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. தனித்தனியாகப் பிரித்தால், பெண்ணைக் கண்டால் எப்படி நடந்துகொள்வதென்பதை ஆண் எப்போது கற்பான்? பஸ்ஸிலும் வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் இருபாலாரும் ஒன்றாக இருக்கும்போது இங்கே மட்டும் சுவர் எதற்கு? இன்று சுவர் கட்டினால், நாளை கூடத்துக்கு வருகிற பெண்ணைப் பார்த்து, 'உன் இடம் சுவருக்கு அந்தப் பக்கம்' என்று சொல்ல மாட்டார்களா? அன்றியும் இச்சிறிய ஊரில் பெண்களுக்கென்று தனியே ஒரு நிலையம் நடத்தினால் வாடகைக்குக் கட்டுமா?

நண்பர் இரு பக்கமும் பேசாமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு பெண்பிள்ளைகூட அங்கில்லை.

உலகம் நடந்த வழி

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இவ்வழக்கு பண்டாரவளையில் பிறந்ததன்று என்பது நமக்குத் தெரியும். பண்டைக் கிரேக்கத்தின் 'ஜிம்னேஸியம்' என்னும் சொல்லே, ஆடையின்றிப் பயிலும் இடம் என்ற பொருளிலிருந்து வந்தது. அங்கே பயின்றவர் ஆடவரே. நம் நாட்டுச் சிலம்பக் கூடமும் மற்போர்க் கோதாவும் அவ்வாறே. 1813-இல் ஸ்வீடன் நாட்டில் லிங் என்பார் ஸ்டாக்ஹோமில் தேகப்பயிற்சிக் கலாசாலை ஒன்றை நிறுவி, உடற்பயிற்சியை ஒரு முறையான கல்வியாக்கினார். அம்முறையைக் கற்ற மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பர்க் என்னும் ஸ்வீடன் நாட்டு மாதரசி, 1885-இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் பெண்களுக்கென்றே ஒரு தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இடுப்பை இறுக்கும் கச்சையோடு மூச்சுவிடவும் முடியாமல் பெண்கள் வாழ்ந்த காலம் அது. அக்கல்லூரியின் மாணவியர் கச்சையைக் கழற்றி எறிந்துவிட்டு, தளர்ந்த மேலங்கி அணிந்து ஓடினர், குதித்தனர், கயிறேறினர். ஆடவர் பார்வையில்லாத கூடம் ஒன்று இல்லாதிருந்தால் அந்தக் கச்சை அவ்வளவு விரைவில் கழன்றிருக்குமா என்பது ஐயமே.

1890-களில் அக்கல்லூரியை ஒட்டி இங்கிலாந்தில் உருவாகி வளர்ந்ததுதான் வலைப்பந்தாட்டம். 1921-இல் கண்டி உயர்நிலைப் பெண்கள் பாடசாலையின் சாரண மாணவியர் வழியாக அது இலங்கைக்கு வந்தது. பெண்கள் மட்டும் ஆடும் ஆட்டம் என்பதனாலேயே தயங்கிய பெற்றோரும் தம் மக்களை அனுப்பினர். யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த, ஆறடி பத்து அங்குல உயரமுடைய தர்ஜினி சிவலிங்கம், 2018-இல் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வெல்ல உதவி, அவுஸ்திரேலியக் கழகங்களிலும் ஆடி நாடு போற்ற நின்றார். பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு சிறு சதுரம் எத்துணைப் பெரிய கதவாகத் திறக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, வழக்கு மன்றமேறிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெண்களுக்கான உடற்பயிற்சி நிலையமொன்றில் இடம் கேட்டு மறுக்கப்பட்ட ஓர் ஆடவர் வழக்குத் தொடுத்தார். 1997-இல் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பெண்கள் விடவில்லை. மறு ஆண்டே, 1998-இல், மசாசுசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய நிலையங்களுக்கு விலக்களித்துச் சட்டம் இயற்றியது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கூஜீ கடற்கரைப் பாறைகளின் நடுவே பெண்களுக்கு மட்டுமான நீச்சல் குளம் ஒன்றிருக்கிறது. 1922 முதல் மாதர் நீச்சல் சங்கமொன்று அதனைக் காத்து வருகிறது. அதனை எதிர்த்தும் முறையீடு எழுந்தது. 1995-இல் அதற்கும் தனி விலக்களிக்கப்பட்டது. பல சமயத்துப் பெண்களும் முதியவர்களும் நோயுற்று உடல் தழும்பேறியவர்களும் கூச்சமின்றி அங்கே நீராடுகின்றனர். சவூதி அரேபியாவில் பெண்களுக்கான பயிற்சி நிலையங்களுக்கு முறையான அனுமதிப் பத்திரம் கிடைத்ததே 2017-இல்தான்.

ஆனால் நண்பரின் மகன் அஞ்சிய சுவரும் வெறுங்கற்பனையன்று. ஆப்கானிஸ்தானத்தைப் பாருங்கள். 2022 மார்ச் மாதத்தில் காபூல் நகரப் பூங்காக்களுக்குப் பெண்கள் செல்ல வாரத்தில் மூன்று நாட்கள், ஆண்களுக்கு மற்றைய நாட்கள் என்று பிரித்தனர். பெண்களின் நலத்துக்காகவே என்றனர். அதே ஆண்டு நவம்பரில் பூங்காவும் பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு அறவே மூடப்பட்டன. அங்கே பெண்களுக்கென்று பிரித்துக் கொடுத்த நாட்களே, பின்னர் அவர்களைப் பூட்டி வைப்பதற்கு முதற்படியாயின.

அப்படியானால் தனியிடம் என்பது கச்சையைக் கழற்றும் கூடமா, கதவைப் பூட்டும் சிறையா? இரண்டுமாகலாம் என்பதே உலகம் நமக்குக் காட்டும் பாடம்.

மலையே எங்களுக்கு ஜிம்மு

மறுநாள் காலையில் நண்பர் நம்மைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றார். பிரட்டுக்களம் கலைந்து, பெண்கள் மலைக்குப் போய்விட்டிருந்தனர். பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தைகளின் அழுகையும் சிரிப்பும் கேட்டன. மேலே, பச்சைச் சரிவில், வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்தன. இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகில் தொங்கும் கொழுந்துச் சுமை, ஓயாது இயங்கும் விரல்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மையிடம் பேச்சுக் கொடுத்தோம். நண்பர் நேற்றைய வாதத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கு என்னாத்துக்கு ஐயா ஜிம்மு? இந்த மலையே எங்களுக்கு ஜிம்மு. ஏறுறோம், இறங்குறோம், தூக்குறோம். காசு குடுத்து யாராச்சும் பாரம் தூக்குவாங்களா? எங்களுக்குப் பாரம் தூக்கத்தான் காசு குடுக்கிறாங்க!"

சுற்றியிருந்த பெண்களும் சிரித்தனர். நாமும் அந்த விடையை ஏட்டில் குறித்துக்கொண்டு, இதனோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுகூட எண்ணினோம். ஆனால் அவர் எழுந்திருக்கும்போது முழங்காலில் கையை ஊன்றி, ஒரு கணம் கண்ணை மூடி, மெல்லத்தான் நிமிர்ந்தார்.

"வலியா அம்மா?" என்று கேட்டோம்.

"கழுத்துதான் ஐயா. முப்பத்தஞ்சு வருசமா தலையிலே கயிறு. ராத்திரியிலே ஒருக்களிச்சுப் படுக்க ஏலாது. டாக்டர் ஐயா ஏதோ கையைத் தூக்கி, கழுத்தைத் திருப்பிச் செய்யச் சொன்னாரு. லயத்திலே எங்கே செய்றது? ஒரே காம்பரா. மகன், மருமக, பேரப்பிள்ளைங்க. வாசல்லே நின்னு செஞ்சா பாக்கிறவங்க, கிழவிக்குச் சாமி வந்திருச்சுன்னுவாங்க."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றே என்று எண்ணுவது நம்மவர்க்குப் பழகிப்போன தவறு. உழைப்பு, உடலின் ஒரே பகுதியை ஒரே வகையில் நாள் முழுதும் தேய்க்கிறது. பயிற்சியோ, தேயாத பகுதியை எழுப்பி, தேய்ந்த பகுதிக்கு ஆறுதல் தருகிறது. சுமை இழுத்த கழுத்தை எதிர்ப்புறம் நீட்டுதல், வளைந்த முதுகை நிமிர்த்துதல், மூச்சை ஆழ இழுத்தல் ஆகியவை கொழுந்து மலையில் கிடைப்பன அல்ல. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டுமென்று 2020-இல் வகுத்தது. 2022-ஆம் ஆண்டின் நிலையைக் கணக்கிட்டு, உலகில் ஆடவருள் 29 சதவீதத்தினரும் பெண்களுள் 34 சதவீதத்தினரும் அந்த அளவை எட்டவில்லை என்று 2024-இல் அறிவித்தது. இந்த இடைவெளி சோம்பலால் வந்ததென்று யார் சொல்ல வல்லார்? நேரம், இடம், பார்ப்போர் கண் ஆகிய மூன்றையும் கடந்தே பெண் நடக்கவேண்டியிருக்கிறது.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி கிடைத்தது 1984-இல். அதுவரை, அதே மலையில் வேர்வை சிந்தியவளுக்குக் குறைந்த கூலிதான். கூலியில் வந்த சமத்துவம், மாலைப்பொழுதில் இன்னும் வந்து சேரவில்லை. வேலை முடிந்ததும் ஆண்மகன் மைதானத்துக்கோ சந்திக்கோ போகிறான். பெண் குழாயடிக்கும் அடுப்படிக்கும் போகிறாள். மாசி மாதத்துக் காமன் கூத்திலும் ரதியாக ஆடுபவன் ஆண்தான். பெண் ஓரத்தில் நின்று பார்ப்பவள். எனவே தோட்டத்து மைதானம் எவருக்கும் தடையில்லாத பொதுவிடம் என்று சொல்வது பெயரளவில்தான். பலகையில் எழுதாவிட்டாலும், 1893-ஆம் ஆண்டுக் கிளப்பைப் போல அதுவும் ஆடவர்க்கே உரியதாக இருக்கிறது.

இதை நாம் சொன்னபோது நண்பர் நின்றுவிட்டார். "என் தாயார் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததேயில்லை," என்றார். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை

அன்று மாலை நண்பர் கைத்தடியை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு இறங்கினார். அங்கே ஆடுபவர்களுட் பலர் அவரிடம் படித்தவர்கள்; சிலர் அவரிடம் அடி வாங்கியவர்கள். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகளைப் பெண்களுக்கு விட்டுத்தர வேண்டும் என்று கேட்டார். இளைஞர்கள் தலையைச் சொறிந்தனர். போட்டி வருகிறது, பயிற்சி கெடும் என்றனர். அவர்களுள் ஒருவன், "ஏன் சேர், அவங்களும் வந்து எங்களோட விளையாடலாமே?" என்று கேட்டான். கள்ளமில்லாத கேள்விதான்.

"நீ ஆடும்போது உன் தங்கை வந்தால் என்ன சொல்வாய்?" என்று நண்பர் திருப்பிக் கேட்டார்.

அவன் சற்று யோசித்து, "வீட்டுக்குப் போன்னுவேன், சேர்," என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அவனுடைய தோழர்களே அவனைப் பார்த்துக் கூச்சலிட்டனர்.

நெடுநேரப் பேரத்துக்குப் பின் கிடைத்தது ஒரு நாள். சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை. நண்பர் வெற்றியோடு வீடு திரும்பினார். மகள் மகிழ்ச்சியடைவாள் என்று நாம் எதிர்பார்த்தோம். அவளோ விரல்விட்டு எண்ணினாள். "ஏழு நாளில் ஒரு நாள். அதிலும் இரண்டு மணி நேரம். அப்பா, இதற்கு நன்றி சொல்லவேண்டுமா?"

"நன்றி சொல்லவேண்டாம், போய் ஆடு. இடத்தை நிரப்பிவிட்டு அடுத்த நாளைக் கேள்," என்றார் தந்தை.

மகனும் மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். "இது சரியான வழியென்று எனக்கு இன்னும் படவில்லை, மாமா. ஒருநாள் எல்லோரும் ஒன்றாக ஆடத்தான் வேண்டும்," என்றே அவன் கடைசிவரை சொன்னான். ஆயினும் வலைப்பந்து வளையத்துக்குரிய இரும்புக் குழாயைப் பதுளை வீதிக் கடையில் வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை இரவில் மைதானத்து ஓரத்தில் நட்டவன் அவன்தான்.

நம் கருத்து யாது என்று வாசகர்கள் கேட்கலாம். மகன் காணும் நாள் வரத்தான் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்நாள் வரும்வரை அம்மையாரின் கால்கள் காத்திருக்க மாட்டா. ஆகவே தனியிடம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னே, அதனை யார் கேட்கிறார்கள் என்று பார்த்தல் நலம். பெண்கள் தாமே விரும்பிக் கேட்டுத் திறந்த கதவு, அவர்களே விரும்பும்போது விட்டு வெளியேறவும் இடந்தரும். பிறர் அவர்களுக்காக மூடிய கதவு அவ்வாறன்று. அன்றியும், கொடுக்கும் நேரம் எவருக்கும் வேண்டாத நேரமாக இருந்தால், அதனை உரிமை என்று அழைப்பது முறையாகாது. ஒதுக்கிவைத்தல் என்றே அழைக்கவேண்டும். பொதுக் கூடத்தின் வாசலும் அவர்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கவேண்டும். மகளுக்குத் தமையனோடு ஜிம்முக்குப் போக விருப்பமென்றால், 'உனக்குத்தான் சனிக்கிழமை இருக்கிறதே' என்று எவரும் தடுத்தலாகாது.

சனிக்கிழமை பிற்பகலில் நாம் ஊர் திரும்பவேண்டியிருந்தது. புறப்படும் முன் அம்மையார் ஒரு பத்திரிகைத் துண்டைக் காட்டினார். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 72 வயதில், 2023-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கப் பதக்கம் வென்ற செய்தி அது. அதனை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். "எனக்குப் பதக்கம் வேண்டாம் அண்ணா. பாதம் இருந்தால் போதும்," என்றார்.

பண்டாரவளை நிலையத்தில் வண்டி அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. இதுவரை தாமதத்துக்காக நாம் புகையிரதத்தை வாழ்த்தியது அந்த ஒரு முறைதான். ஏனெனில் வண்டி அந்த வளைவுக்கு வந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தோம். கீழே மைதானத்தில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் வளையத்தைச் சுற்றிப் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தனர். மேட்டில் சில இளைஞர்கள் உட்கார்ந்திருந்தனர். அவர்களோடு கைத்தடி ஊன்றிய நம் நண்பரும். மைதானத்தின் ஓரமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இறப்பர்ச் செருப்போடு அம்மையார் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னே, சற்று மெதுவாக, கழுத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொண்டே வந்தவர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் கண்ட அந்த அம்மைதான் என்று நினைக்கிறோம். வண்டி வளைந்துவிட்டது. உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறோம். ஓராண்டுக்கு முன் நம் இல்லத்தரசி, "மாலையில் கடற்கரையில் நடக்கப் போகிறேன், கூட வருகிறீர்களா?" என்று கேட்டபோது, "வீட்டு வேலை செய்வதே தேகப்பயிற்சிதானே!" என்று நாம் விடை பகர்ந்திருந்தோம். மிகச் சாதுரியமான விடையென்று நமக்கு அப்போது பட்டது. வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த மறுநாள், நாமே சென்று அழைத்தோம்.

"நீங்கள் வரவேண்டாம். மூன்றாம் வீட்டு அக்காவும் நானும் போகிறோம். இரவுச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்," என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

நாம் அடுப்படிக்குள் நுழைந்தோம்.